ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே வரை: எல்லையோரச் சாலையில் சைக்கிளில் போகும் இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் சைக்கிள் குழுவில் யாராவது ஒரு கல்லூரிப் பிள்ளை இதைக் கேட்டுவிடும்: “அண்ணே, ஸ்ரீநகர் வழியா லே போகலாமா? வீட்ல விட மாட்டேங்கிறாங்க.”

வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலை, திராஸ், கார்கில் பக்கம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே ஓடுகிறது. 1999 கார்கில் போரில் சண்டை நடந்ததே இந்தச் சாலையைக் குறிவைத்துதான். மேலே முகடுகளில் உட்கார்ந்த பாகிஸ்தான் தரப்பினருக்குக் கீழே போகும் ஒவ்வொரு லாரியும் தெரிந்தது. அது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2024 அக்டோபர் 20 அன்று, இதே சாலையில் சோனமார்க்குக்கு முன்னால் இருக்கும் ககன்கீரில், சுரங்கப் பாதை வேலை செய்தவர்களின் முகாமில் பயங்கரவாதிகள் சுட்டதில் ஒரு மருத்துவரும் ஆறு பணியாளர்களும் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் சுற்றுலாத் தலமான பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதின. அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று லே நகரில் நடந்த போராட்டத்தில் நான்கு பேர் இறந்து, ஊரடங்கு போடப்பட்டது.

இத்தனைக்கும் பிறகும் என் பதில் “போகலாம்” என்பதுதான். ஆனால் ஊட்டிக்குப் போவதுபோல் போக முடியாது. இந்தச் சாலையில் சைக்கிள்காரனைக் காப்பாற்றுவது தைரியம் இல்லை. அவன் யார், எங்கிருந்து வருகிறான், இன்று ராத்திரி எங்கே தங்குவான் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருப்பதுதான் காப்பாற்றுகிறது. புரியாத ஆளாக இருக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் ஏதோ ஒரு வகையில் இதைத்தான் சொல்கின்றன.

படி 1: போகலாமா, எப்போது போகலாம்

ஜோஜி லா கணவாய் (‘லா’ என்றாலே கணவாய்தான்) பனிக்காலத்தில் மூடிவிடும். சைக்கிளுக்கு ஏற்ற பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதிலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் போவதையே நான் சொல்வேன். அதற்குள் அமர்நாத் யாத்திரை முடிந்திருக்கும். யாத்திரை நடக்கும்போது அதன் அடிவார முகாமான பால்தல் வரைக்கும் வாகனங்களை அணி அணியாகத்தான் விடுவார்கள், பாதுகாப்புக் கெடுபிடியும் அதிகம், தங்க இடம் கிடைப்பதும் பாடு. செப்டம்பரில் பனி உருகி ஓடும் தண்ணீரும் குறைந்திருக்கும்.

மணாலி வழி எல்லைக் கோட்டுக்குத் தூரமாயிற்றே, அந்தப் பக்கம் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அங்கே நீங்கள் 4,890 மீட்டர் பாரலாச்சா லாவையும் 5,300 மீட்டருக்கு மேலான தங்லங் லாவையும் கடக்க வேண்டும். நடுவில் சர்ச்சு மாதிரி 4,200 மீட்டருக்கு மேல் ராத்திரி தூங்க வேண்டும். சமவெளியிலிருந்து முதல்முறை வரும் பிள்ளைகளுக்கு அது உயிர் விஷயம். ஸ்ரீநகர் வழியில் மிக உயரமான இடம் ஃபோட்டு லா, 4,108 மீட்டர். உடம்பு படிப்படியாகப் பழகும். எல்லையின் ஆபத்து செய்தியில் வரும், அதைப் பார்த்து நீங்கள் நாளைத் தள்ளிப்போடலாம். உயரத்தின் ஆபத்து சொல்லாமல் வரும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மூன்று விஷயங்களைக் கவனித்து வாருங்கள்: எல்லையில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறதா, ஸ்ரீநகரிலோ லேவிலோ இணையத்தை நிறுத்தியிருக்கிறார்களா, சாலை திறந்திருக்கிறதா. முதல் இரண்டில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். போகும் பணத்தைப் பார்க்காதீர்கள். சுற்றுலாக் காப்பீடு இருக்கிறதே என்றால், போர், பயங்கரவாதம் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பல பாலிசிகள் இந்த இரண்டையும் விலக்கிவைக்கின்றன.

படி 2: யாரோடு போவது

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஒருவருக்கு முடியாமல் போனால் ஒருவர் கூட இருக்கலாம், மற்ற இருவர் உதவி தேடிப் போகலாம். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது ஊர்வலம் மாதிரி ஆகிவிடும், சாவடிக்குச் சாவடி நிறுத்துவார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை நான் கூட்டிப்போவதில்லை. பெற்றோர் சம்மதம் கொடுத்தாலும் இல்லை.

கிளம்பும் முன் நால்வரும் ஒரு விதியை ஒப்புக்கொள்ளுங்கள். “இன்னைக்கு வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு நால்வருக்கும் வேண்டாம். காரணம் கேட்கக்கூடாது, கிண்டல் கூடாது. இளவட்டங்கள் கூடும் இடத்தில் பயத்தை வெளியே சொல்வதுதான் மிகக் கடினம். அதைச் சுலபமாக்கிவிட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

வீட்டில் ஒருவரை நியமியுங்கள், அம்மாவோ அக்காவோ, யார் பதறாதவரோ அவர். நாள்வாரியாகத் தங்கும் இடம், அந்த விடுதியின் எண், நால்வரின் ரத்த வகை, ஆதார் நகல் எல்லாம் அவரிடம் இருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது ஒன்று, தங்கும் இடம் சேர்ந்ததும் ஒன்று என இரண்டு செய்திகள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். இணையம் நின்றாலும் அது பல நேரம் போய்ச் சேரும். செய்தி வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அப்புறம் யாரை அழைப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள். நாங்கள் 24 மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு முதல் அழைப்பு கடைசியாகத் தங்கிய விடுதிக்கு, அடுத்தது அந்த மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு.

படி 3: போன், பணம், கண்காணிப்புக் கருவிகள்

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுந்தான். மாற்ற வேண்டுமென்றால் ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நால்வரில் இருவர் வேறு வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தால் நல்லது, ஒரு பள்ளத்தாக்கில் ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று எடுக்கும்.

செயற்கைக்கோள் போனை எக்காரணம் கொண்டும் எடுத்துப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளும் இதில் அடக்கம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். ட்ரோனும் வேண்டாம். வாக்கி டாக்கியும் வேண்டாம்.

ஓட்டும் பாதையைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2018 ஜனவரியில், அந்தச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் பளிச்சென்று தெரிந்தது பெரிய செய்தியானது. நீங்கள் ஒரு முகாமைச் சுற்றிப் போன தடமும் அப்படியே பதியும். பயணம் முடியும்வரை எல்லாவற்றையும் ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றிவையுங்கள். நேரலை இடப்பகிர்வு, உடனுக்குடன் ரீல்ஸ் இரண்டும் வேண்டாம். நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

இணையம் நின்றால் யு.பி.ஐ.யும் நிற்கும். ஆளுக்குப் பத்து நாள் செலவுக்கான ரொக்கத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். தூரமும் ஊர்ப் பெயர்களும் ஒரு அட்டையில் கையால் எழுதியும் இருக்கட்டும்.

படி 4: சைக்கிளும் உடையும்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சைக்கிளைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டயர் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முன் சிறிய பல்சக்கரமும் பின் பெரிய பல்சக்கரமும் ஒரே அளவில் இருந்தாலே குறைந்தபட்சம், முன்னது இன்னும் சிறியதாக இருந்தால் முட்டி பிழைக்கும். ஆளுக்கு இரண்டு டியூப், குழுவுக்கு ஒரு செயின் கருவி, உதிரி ஸ்போக், கியர் ஹேங்கர், இரண்டு ஜோடி பிரேக் பேட். ஜோஜி லாவின் சேறு பிரேக் பேடைத் தின்றுவிடும்.

உடை பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராணுவப் புள்ளி போட்ட சட்டை, பை, தொப்பி எதுவும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த நிறத்தில் கேரியர் பை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் சுற்றுலாப் பயணி என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். ஆரஞ்சு, மஞ்சள் போடுங்கள்.

படி 5: ஸ்ரீநகர் சேர்வது

தமிழ்நாட்டிலிருந்து கட்ரா வரை நேரடி ரயில்கள் இருக்கின்றன. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாலத்தை அதில்தான் கடப்பீர்கள். நிலச்சரிவில் அடிக்கடி அடைபடும் ஜம்மு நெடுஞ்சாலையை நம்பத் தேவையில்லை. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டி பார்சல் அலுவலகத்தில் போடுவதென்றால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். விமானத்தில் போனால், ஸ்ரீநகர் விமான நிலையம் விமானப்படைத் தளம், ஓடுதளத்தைப் படம் எடுக்கக்கூடாது.

ஸ்ரீநகரில் இரண்டு ராத்திரி தங்குங்கள். கழற்றிய சைக்கிளைத் திரும்பச் சேர்த்து, தால் ஏரிக் கரைச் சாலையில் ஓட்டிச் சரிபாருங்கள். சுற்றுலா வரவேற்பு மையத்திலும் போக்குவரத்துக் காவலரிடமும் ஜோஜி லா நிலவரம் கேளுங்கள். எந்த நாள் எந்தத் திசைக்கு, எத்தனை மணிக்குள் வண்டி விடுகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

படி 6: விடிவதற்கு முன் ஓட்டாதீர்கள்

நம் ஊரில் வெயிலுக்குப் பயந்து நாலரை மணிக்கே மிதிக்கத் தொடங்குகிறோம். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். காஷ்மீர் பக்கம் காலையில் முதலில் சாலைக்கு வருவது ஆர்.ஓ.பி. எனப்படும் சாலைத் திறப்புக் குழு. பாதுகாப்புப் படையினர் நடந்தே போய், ஓரத்தில் வெடிபொருள் ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதித்து, இடத்துக்கு இடம் ஆள் நிறுத்துவார்கள். அதற்கு முன் இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வரும் நாலு சைக்கிள் அவர்களுக்கு என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாக விடிந்து, கடைகள் திறந்து, உள்ளூர் டாக்ஸிகள் ஓடத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். மாலை நான்குக்குள் தங்கும் இடத்தில் இருங்கள்.

ராணுவ கான்வாய் வந்தால் முந்த வேண்டாம், நடுவில் புகவும் வேண்டாம். சாலையை விட்டு இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசி வண்டி போகும்வரை காத்திருங்கள். ஐம்பது லாரி என்றாலும் காத்திருங்கள்.

சாவடியில் நிறுத்தினால் இறங்கி, கருப்புக் கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் கழற்றுங்கள். கை வெளியே தெரியட்டும். பைக்குள் திடீரென்று கை விடாமல், “ஆதார் எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பிரதான சாலையில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. எல்லைப் பக்கப் பள்ளத்தாக்குகளுக்கு விதி அடிக்கடி மாறுகிறது, லே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகாம், சாவடி, கான்வாய், பாலம் எதையும் படம் எடுக்கக்கூடாது. பாலம் என்பதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். ஒருமுறை கார்கிலுக்கு முன்னால் எங்கள் பையன் ஒருவன் ஆற்றைத்தான் எடுத்தான், பின்னால் இரும்புப் பாலம் விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் வந்த ஹவில்தார் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, எந்த ஊரு? திருச்சியா? நான் புதுக்கோட்டை” என்றார். படத்தை அழிக்கச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார். எல்லா நாளும் புதுக்கோட்டைக்காரர் இருக்க மாட்டார்.

படி 7: நாள்வாரிப் பாதை

முதல் நாள் ஸ்ரீநகரிலிருந்து சோனமார்க் வரை 80 கிலோமீட்டர். கந்தர்பல், கங்கன், குண்ட், ககன்கீர். காலையில் காந்துர் எனப்படும் ரொட்டிக் கடைகளில் சுடச்சுட கிர்தா கிடைக்கும், உப்புத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ககன்கீர் தாண்டினால் 2025 ஜனவரியில் திறந்த ஆறரை கிலோமீட்டர் சுரங்கப் பாதை. சைக்கிளை உள்ளே விடுகிறார்களா என்று வாயிலில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். சோனமார்க் சுமார் 2,700 மீட்டர். மறுநாள் அங்கேயே ஓய்வு, தாஜிவாஸ் பனியாற்றுப் பக்கம் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஜோஜி லா, 3,528 மீட்டர். உயரத்தைவிடச் சாலைதான் பிரச்சினை: சேறு, லாரி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ராத்திரி மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள், கல் உருளும். சாலை மோசமென்றால் ஒரு பிக்கப் வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கணவாயைத் தாண்டிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. நான் இரண்டு முறை போனதில் ஒருமுறை வண்டியில்தான் தாண்டினேன். மேலே போனதும் மரமே இல்லாத வேறொரு உலகம். மீனாமார்க் சாவடியில் பெயர் பதிந்துவிட்டு, மத்தாயன் வழியாகத் திராஸ். சோனமார்க்கிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

திராஸிலிருந்து கார்கில் இன்னொரு 60, பெரும்பாலும் இறக்கம். ஊரைத் தாண்டி தோலோலிங் மலையடியில் போர் நினைவிடம் இருக்கிறது. எவ்வளவு நேரமானாலும் அங்கே இறங்குங்கள். 1999-ல் இந்தியத் தரப்பில் மட்டும் ஐந்நூறுக்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு மே 29 அன்று படாலிக் பகுதியில் இறந்தார், வயது 26. உங்களில் பலருக்கு அதைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும்.

இந்தப் பகுதியில்தான் நீங்கள் எதிர்ப்பக்கத்தின் பார்வைக்குள் வருகிறீர்கள் என்று எச்சரிக்கும் பலகையும், பார்வையை மறைக்கச் சாலையோரம் எழுப்பிய சுவரும் உண்டு. இங்கே கூடாரம் போடாதீர்கள், சாலையை விட்டு இறங்கிச் சுற்றாதீர்கள். ஒதுங்கப் போவதாக இருந்தாலும் கால் தடம் பதிந்த வழியில் மட்டும் போங்கள். முள்கம்பியில் மண்டையோடு போட்ட சிவப்பு முக்கோணம் தொங்கினால் அது கண்ணிவெடிப் பகுதி. தரையில் கிடக்கும் இரும்பை, குழாயை, கூம்பு மாதிரி எதையும் தொடாதீர்கள், ஞாபகப் பொருள் என்று பையில் போடாதீர்கள். 2023-ல் கார்கில் நகருக்குப் பக்கத்திலேயே, வெடிக்காமல் கிடந்த பழைய குண்டு ஒன்று வெடித்து ஒரு சிறுவன் இறந்தான். போர் முடிந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படி எதையாவது பார்த்தால், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அருகிலிருக்கும் சாவடியில் சொல்லுங்கள். அது அடுத்து அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வரும் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் உதவி.

கார்கில் 2,676 மீட்டர், உடம்புக்கு இதமான உயரம். ஒரு நாள் ஓய்வெடுங்கள். பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். ஊர்வலமோ தொழுகையோ நடந்தால் போனை நீட்டாமல் ஒதுங்கி நில்லுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகத்தில் பழைய பட்டுப் பாதை வணிகத்தின் பொருள்களைப் பார்க்கலாம். 1971 போர்வரை பாகிஸ்தான் வசம் இருந்து, பிறகு இந்தியாவிடம் வந்த ஹுந்தர்மான் கிராமம் நகருக்கு மேலே இருக்கிறது. ஒரு கோடு இழுக்கப்பட்டதில் அண்ணன் தம்பிகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோன ஊர். அங்கே சைக்கிளில் போகாதீர்கள். உள்ளூர் டாக்ஸிக்காரரோடு போங்கள், அவர் நிறுத்தும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

கார்கிலிலிருந்து முல்பெக் 40 கிலோமீட்டர், பாறையில் செதுக்கிய உயரமான மைத்ரேயர் சிலை உள்ள ஊர். இங்கிருந்து “அஸ்ஸலாமு அலைக்கும்” குறைந்து லடாக்கி வணக்கமான “ஜூலே” அதிகமாகும். அடுத்த நாள்தான் இந்தப் பயணத்திலேயே கடினம்: 3,700 மீட்டர் நமிகா லா, அப்புறம் ஃபோட்டு லா, பிறகு லாமாயுரு மடத்துக்கு இறக்கம். முடியாவிட்டால் நடுவில் போத் கர்பூவில் தங்கிவிடலாம். அதன்பின் கல்சி வழியாக சஸ்போல், மறுநாள் நிம்முவில் சிந்துவும் ஜான்ஸ்கரும் கலக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு லே. கடைசி நாள்தானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், நிம்முவுக்குப் பிறகு ஏற்றம் இருக்கிறது, நிழல் இல்லை.

படி 8: உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

3,000 மீட்டருக்கு மேல், முந்தைய ராத்திரி தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக்கூடாது. சோனமார்க்கில் ஓய்வு நாள் வைத்ததே இதற்காகத்தான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அங்கேயே நில்லுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கீழே இறக்குங்கள். விடிவதற்கு முன் ஓட்டாதே என்று சொன்ன விதி இதற்குப் பொருந்தாது. சாவடியில் போய் நோயாளி என்று சொன்னால் அவர்களே வண்டி ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். கார்கிலில் மாவட்ட மருத்துவமனையும் லேவில் எஸ்.என்.எம். மருத்துவமனையும் இருக்கின்றன. அவசர எண் 112.

படி 9: நடுவழியில் நிலைமை மாறினால்

திடீரென்று இணையம் நின்று, கடைகள் மூடி, டாக்ஸிகள் காணாமல் போனால் மிதிக்காதீர்கள். தங்கியிருக்கும் இடத்திலேயே இருங்கள். விடுதிக்காரரிடம் கேளுங்கள், அவர் எத்தனையோ ஊரடங்கைப் பார்த்தவர். தெருவில் கூட்டம் கூடினால் வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ போகாதீர்கள். அரசியல் பேச்சில் கருத்து சொல்லாதீர்கள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு இழப்பு இருக்கும், நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

குண்டு வீச்சுச் சத்தம் கேட்டால் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அருகிலிருக்கும் கெட்டியான கட்டடத்துக்கோ பாறை மறைவுக்கோ ஓடுங்கள். எல்லையோர ஊர்களில் பதுங்கு குழி இருந்தால் ஊர்க்காரர்களே இழுத்துக்கொண்டு போவார்கள். சைக்கிளைத் திரும்ப எடுக்கப் போகாதீர்கள். எண்பதாயிரம் ரூபாய் சைக்கிளாக இருந்தாலும் போகாதீர்கள்.

திரும்ப முடிவெடுத்தால், எந்தப் பக்கம் பிரச்சினையோ அதற்கு எதிர்ப்பக்கம், உள்ளூர் ஓட்டுநரின் வண்டியில், பகலில். கார்கிலைத் தாண்டிவிட்டால் லேவுக்குப் போய் விமானம் பிடிப்பதே பெரும்பாலும் சுலபம்.

படி 10: லே சேர்ந்ததும்

வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சோனமார்க்கில், திராஸில், கார்கிலில், லாமாயுருவில் தங்க இடம் கொடுத்தவர்கள் நீங்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திராஸ் விடுதிக்காரரை நான் போன தடவை மறுநாள்தான் அழைத்தேன். “நேற்றே பேசுவீர்கள் என்று இருந்தேன்” என்றார். லாமாயுருவில் இருக்கும் தன் சிநேகிதருக்குப் போன் போட்டு, நாலு சைக்கிள் தாண்டியதா என்று அவரே விசாரித்து வைத்திருந்தார். அந்த நான்கு எண்களையும் அட்டையிலேயே எழுதிவைத்து, லே பஜாரில் முதல் டீ குடிக்கும்போதே வரிசையாக அழைத்துவிடுங்கள்.